பழைய தொலைபேசியை மாற்றுவதா, வைத்திருப்பதா: தோட்டக் குடும்பம் ஒன்றின் பதினொரு மாத நிகழ்வு ஆய்வு

பின்னணி

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயன் வீட்டில் (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில்) வாழும் குடும்பம் ஒன்று, தன்னிடமிருந்த ஒரே திறன்பேசியை மாற்றுவதா என்ற கேள்வியோடு 2025 ஜனவரிக் கடைசியில் என்னிடம் வந்தது. நான் அந்தப் பிள்ளைகள் படிக்கும் பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கும் ஆசிரியை. தாய் கொழுந்து பறிக்கிறார். தந்தை ஹட்டனில் இரும்புச் சாமான் கடையில் மாதச் சம்பளத்துக்கு நிற்கிறார். மூத்த மகன் கொழும்பில் வேலை. மகள் தரம் 10, இளையவன் தரம் 6. பெயர்களையும் தோட்டத்தையும் அவர்களுடைய விருப்பப்படி விட்டுவிட்டு, மற்ற விவரங்களை அவர்கள் வாசித்துச் சம்மதித்தபின் இங்கே பதிகிறேன்.

தொலைபேசி 2019இல் 21,500 ரூபாவுக்கு வாங்கப்பட்டது. அண்ட்ரொய்ட் 9, 2 ஜிபி நினைவகம், 32 ஜிபி சேமிப்பிடம். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது மூன்று பிள்ளைகளும் அதை வைத்தே படித்தார்கள். சிக்னல் தேடி கோயில் படிக்கட்டில் குடையோடு உட்கார்ந்திருந்த அந்த நாட்களை மகள் இன்னும் நினைவில் வைத்திருக்கிறாள். தந்தையிடம் பட்டன் போன் ஒன்று மட்டுமே உண்டு. ஆகவே மகன் கொழும்பிலிருந்து பேசுவதும், வகுப்பாசிரியர் குறிப்புகளை அனுப்புவதும், சங்கச் செய்தியும், சாவுச் செய்தியும் வந்து சேர்வது அந்த ஒரே கருவிக்குத்தான்.

அதே தரத்துப் புதிய தொலைபேசியின் விலை இப்போது ஏன் இரண்டு மடங்குக்கு மேல் நிற்கிறது என்பதைத் தாய் கேட்டார். 2019இல் ஒரு டொலர் ஏறக்குறைய 180 ரூபா. 2022 நெருக்கடியில் ரூபா விழுந்தபின் அது மீண்டு வந்து நின்ற இடம் 300 ரூபாவை ஒட்டியது. அதன்மேல் 2024 ஜனவரி 1 முதல் தொலைபேசிகளுக்கு இருந்த பெறுமதி சேர் வரி விலக்கும் நீக்கப்பட்டு 18 சதவீத வரி விழுந்தது. கடைக்காரர் கூட்டிச் சொல்லவில்லை என்று தெரிந்துகொள்வதே அவருக்கு ஒருவகை ஆறுதலாக இருந்தது.

வந்த கோரிக்கை

“டீச்சர், காலையில பெரட்டுக்குப் போகையில நூத்துக்கு நாப்பது காட்டுது, மலையேறி முடியிறதுக்குள்ள செத்துப் போகுது. மாத்துறதா, வச்சிக்கிறதா, நீங்களே சொல்லுங்க” என்றார் தாய். பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் இடம். ஹட்டன் கடை ஒன்று 54,900 ரூபா விலையுள்ள தொலைபேசியை, 15,000 ரூபா முற்பணத்துக்கும் மாதம் 4,450 ரூபா வீதம் 12 தவணைக்கும் தருவதாகச் சொல்லியிருந்தது. முற்பணத்துக்காகக் காதுத் தோட்டை அடகு வைப்பதென்று வீட்டில் ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். மகளின் சாதாரண தரப் பரீட்சை நெருங்குகிறது என்பது தந்தையின் காரணம். அதை இலேசாகத் தள்ளிவிட என்னால் முடியவில்லை.

என் முதல் எண்ணமும் மாற்றுவதன் பக்கமே சாய்ந்திருந்தது என்பதை இங்கே பதிய வேண்டும். அந்தத் தொலைபேசிக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு கடைசியாக வந்தது 2021இல். கற்பிக்கிற பாடத்தின் பழக்கத்தால் அந்த ஒரு விடயமே எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. ஆனால் தவணையைக் கூட்டிப் பார்த்தபோது தயங்கினேன். 12 தவணை 53,400, முற்பணத்தோடு 68,400. ரொக்க விலையைவிட 13,500 ரூபா கூட. கடனாக நிற்பது 39,900 ரூபா மட்டுமே என்பதாலும், அதுவும் மாதாமாதம் குறைந்துகொண்டே போவதாலும், இது மாதத்துக்கு ஏறக்குறைய 4.8 சதவீத வட்டியாகிறது. அடகு வட்டி இதற்கு வெளியே.

2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டிருந்தது. எனினும் மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைக்கும், எத்தனை நாள் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழும் என்பது மழையையும் கொழுந்தையும் பொறுத்தது. ஒரு தவணை என்பது தாயின் மூன்று முழுப்பேருக்கும் மேல். கழிவுகளுக்குப்பின் கைக்கு வரும் காசில் பார்த்தால் அது நான்கு நாளை நெருங்கும்.

ஆகவே இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னேன். அந்த இரண்டு வாரமும் தொலைபேசிக்காகச் செலவான ஒவ்வொரு காசையும், அது நின்றுபோன ஒவ்வொரு நேரத்தையும் மகள் ஒரு கொப்பியில் எழுதிவருவதென்று ஒப்புக்கொண்டார்கள்.

கொப்பியில் தெரிந்தவை

14 நாளில் தொலைபேசி 19 தடவை தானாக நின்றிருந்தது. அவற்றில் 13 தடவை காலை ஏழு மணிக்கு முன். பற்றரி பழையதாகும்போது அதன் உள்தடை, அதாவது மின்னோட்டத்தை உள்ளேயே தடுக்கும் தன்மை, கூடுகிறது, குளிரில் அது மேலும் கூடுகிறது. திரை ஒளிர்ந்து, டேட்டாவும் ஓடும் கணத்தில் தேவையான மின்னைக் கொடுக்க முடியாமல், 40 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே கருவி நின்றுவிடுகிறது. பெப்ரவரிக் காலை அங்கே கடுங்குளிர். லித்தியம்-அயன் பற்றரிகள் பல, ஏறக்குறைய 500 முழுச் சார்ஜ் சுற்றுக்குப்பின் தொடக்கக் கொள்ளளவின் 80 சதவீதத்தைத் தக்கவைக்கும்படியே வடிவமைக்கப்படுகின்றன. ஆறு ஆண்டு நாளாந்தம் சார்ஜ் செய்யப்பட்ட இந்தப் பற்றரி அந்த எல்லையை எப்போதோ தாண்டிவிட்டது.

அதற்கு மேலும் ஒரு காரணத்தை நேரில் போய்த்தான் கண்டேன். வீட்டில் இருந்த ஒரே பிளக் அடுப்பு காம்பராவில், அதாவது சமையலறையில். இரவு முழுவதும் விறகடுப்பின் சூட்டுக்கு அருகே, அரிசிப் பெட்டியின்மேல் தொலைபேசி சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது. குளிர் பற்றரியின் வலுவைத் தற்காலிகமாகக் குறைக்கும்; சூடு அதன் ஆயுளையே தின்னும். இரண்டையும் ஒரே நாளில் அந்தப் பற்றரி மாறிமாறிப் பட்டிருக்கிறது. அந்த லயன், மலைச்சரிவின் மறைவில் இருப்பதால், வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடு, இரண்டு கோடு. சிக்னல் மெலியும் இடத்தில் கோபுரத்தை எட்டுவதற்காகத் தொலைபேசி தன் அலையை வலுவாக அனுப்புகிறது; டேட்டாவைத் திறந்தபடி அங்கே வைத்திருந்தால் யாரும் தொடாமலே பற்றரி இறங்கும்.

வேகக் குறைவுக்குக் காரணம் வேறு. 32 ஜிபியில் மீதி 1.1 ஜிபி, வட்ஸ்அப் மட்டும் 14 ஜிபியைப் பிடித்திருந்தது. காலை வணக்கப் படங்கள், திருவிழாக் காணொளிகள், பத்துக் குழுக்களில் சுற்றிவந்த ஒரே காணொளியின் பத்துப் பிரதிகள். வகுப்புக் குறிப்புகள் திறக்காததற்கு இடமின்மையே காரணமாக இருந்தது.

காசுப் பக்கம்தான் எல்லோரையும் திகைக்கவைத்தது. இரண்டு வாரத்தில் 1,720 ரூபா, அதாவது மாதத்துக்கு 3,700 ரூபா அளவில், ஐம்பதும் நூறுமாகப் போயிருந்தது. டேட்டா பெக்கேஜ்களுக்கு 980 ரூபாவும், அழைப்புகளுக்கு 340 ரூபாவும் போயிருந்தன. பெக்கேஜ் முடிந்தபின்னும் டேட்டா திறந்தே கிடந்ததால் மீதிப் பணத்திலிருந்து தானாகக் கழிந்தது 260. எப்போதோ தவறுதலாகத் தட்டிச் சேர்ந்த பாட்டு மணி, ராசிபலன் குறுஞ்செய்தி ஆகிய இரண்டு நாள்வாடகைச் சேவைகளுக்கு 140. இந்த 400 ரூபாவுக்கு அவர்கள் எதையுமே பெறவில்லை. ஒரு மாதத்தில் அது 850 ரூபாவைத் தாண்டும். கொழுந்து மடுவத்தில் ஒரு கிலோ குறைத்து எழுதினால் நிறுவைத் தட்டின் முன்னாலேயே வாதாடி நிற்கும் தாய், தன் கையிலிருந்த தொலைபேசியில் நாளுக்கு நாள் கழிந்த காசை அறியாமல் இருந்ததை எண்ணி அன்று வெகுநேரம் பேசாமல் இருந்தார். அது அவருடைய கவனக்குறைவு அல்ல. கழிப்பை அறிவிக்கும் செய்திகள் அவரால் வாசிக்க முடியாத ஆங்கிலத்தில் வந்துகொண்டிருந்தன.

வாங்கிய பெக்கேஜிலும் ஒரு பகுதி வீணானது. அதில் பாதி டேட்டா நள்ளிரவிலிருந்து அதிகாலை வரைக்கும் மட்டும் செல்லுபடியாகும். இரவில் யாரும் விழித்திருப்பதில்லை என்று அதை விட்டிருந்தார்கள். ஆனால் தோட்டத்து வீட்டில் நாலரை மணிக்கே அடுப்பு எரிகிறது, மகள் ஐந்துக்கு எழும்புகிறாள்.

எடுத்த முடிவும் காரணமும்

மூன்று வழிகளைப் பேசினோம். தவணைக்குப் புதியது வாங்குவது ஒன்று. மகன் கொழும்பில் பார்த்துவைத்திருந்த பாவித்த தொலைபேசியை 26,000 ரூபாவுக்கு எடுப்பது இரண்டாவது. இருப்பதைத் திருத்தி வைத்திருப்பது மூன்றாவது.

இரண்டாவது வழி விரைவிலேயே மூடிக்கொண்டது. நட்சத்திரம், சதுரம், 06, சதுரம் (*#06#) என்று அழுத்தினால் வரும், ஒவ்வொரு தொலைபேசிக்கும் தனித்தனியான 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, முன்னால் ஐஎம்இஐ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் இடைவெளியும் விட்டு 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், அந்தக் கருவி இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும். மகன் அனுப்பிப் பார்த்தபோது பதிவில்லை என்று வந்தது. விற்பவர் ஏதேதோ விளக்கம் சொன்னார், மகன் வாங்கவில்லை.

திருத்தி வைத்திருப்பதைத் தேர்ந்தோம். கொப்பியில் எழுதியிருந்த குறைகளில் பற்றரியாலோ இடமின்மையாலோ வராத குறை ஒன்றுகூட இல்லை என்பது முதன்மையான காரணம். வட்ஸ்அப் அப்போது, 2025இல், அண்ட்ரொய்ட் 5.0க்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் இயங்கியது. இந்தத் தொலைபேசியில் இருப்பது 9. பாதுகாப்புப் புதுப்பிப்பு வராத குறை மட்டும் எந்தத் திருத்தத்தாலும் தீராது. அதற்காக அந்தத் தொலைபேசியில் வங்கிச் செயலி எதையும் போடுவதில்லை, முன்பின் தெரியாத இணைப்பைத் தட்டுவதில்லை, மகன் அனுப்பும் காசை இதுவரை போலவே வங்கிக்குப் போய் எடுப்பது என்று வரையறுத்தோம். வங்கி அலுவலைத் தொலைபேசியிலேயே செய்யும் குடும்பமாக இருந்திருந்தால் என் ஆலோசனை வேறாக இருந்திருக்கும்.

தொலைபேசிக்குக் காசு போடும் ரீலோட் செலவில் மிஞ்சுவதைச் சீட்டில் போடுவது தாயின் யோசனை. லயனில் பன்னிரண்டு பெண்கள் ஏப்ரலில் தொடங்கவிருந்த சீட்டில் மாதம் 2,000 ரூபாவுக்குச் சேர்ந்தார். காசாகக் கையில் சேர்ந்தபின் புதிய தொலைபேசியை ரொக்கத்துக்கு வாங்கலாம் என்பது எண்ணம். தோடு அடகுக்குப் போகவில்லை.

நடந்தவை, நடந்த பிழைகள்

பெப்ரவரி நடுவில் ஹட்டனில் ஒரு சிறிய கடையில் 2,400 ரூபாவுக்குப் பற்றரி மாற்றப்பட்டது. அதே வாரத்தில் நாள்வாடகைச் சேவைகளை நிறுத்தினோம். வட்ஸ்அப்பில் படமும் காணொளியும் தானாக இறங்குவதை நிறுத்தினோம். பெக்கேஜ் முடிந்ததும் டேட்டாவை மூடும் பழக்கத்தை மகள் பொறுப்பேற்றாள். சிறு பெக்கேஜ்களுக்குப் பதில் முப்பது நாள் பெக்கேஜ் ஒன்று சம்பள நாளில் போடப்பட்டது. பாடக் காணொளிகளை மகள் காலை ஐந்து மணிக்கு இரவு டேட்டாவில் இறக்கிவைத்து, பின்னேரம் பார்க்கத் தொடங்கினாள். தந்தை ஒரு வயரை இழுத்து இஸ்தோப்பு (முன்திண்ணை) பக்கம் பிளக் ஒன்றைப் பொருத்துவித்தார்.

அந்த வாரத்தில்தான் நான் ஒரு பெரிய பிழை செய்தேன். இடத்தை விரைவாக மீட்க வேண்டுமென்று வட்ஸ்அப்பின் கோப்புறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து அழித்துக்கொண்டே போனேன். குரல் பதிவுகளின் கோப்புறையையும் முழுதாக அழித்தேன். அவை சிறியவை, அழித்ததால் மீண்ட இடமும் சொற்பம். இரண்டு நாள் கழித்துத் தாய் வந்து, “அம்மாவோட குரல் எங்க டீச்சர்?” என்று கேட்டார். எழுதத் தெரியாத அவருடைய தாய், பதுளைப் பக்கத்திலிருந்து பேரனின் தொலைபேசி வழியாகக் குரலாகவே பேசி அனுப்பிக்கொண்டிருந்தார். 2023இல் அவர் இறந்துவிட்டார். தாய் கொழுந்து மடுவத்திலிருந்து திரும்பும் வழியில் சில நாட்களில் அதைக் கேட்டுக்கொண்டு வருவாராம்.

காப்புப் பிரதி எதுவும் எடுக்கப்பட்டிருக்கவில்லை. நான் அதைக் கேட்டுப் பார்க்கவும் இல்லை. அனுப்பியவரின் கருவியில் பதிவு இருக்கலாம் என்று எண்ணி அந்தப் பேரனைத் தொடர்புகொண்டோம். அவர் இடையில் தொலைபேசியை மாற்றியிருந்தார், ஆனால் பழையதை வீசவில்லை. அதிலிருந்து ஏழு பதிவுகள் கிடைத்தன. மொத்தம் எத்தனை இருந்தன என்பது தாய்க்கும் தெரியாது. அவர் என்னை ஒரு சொல்லும் குறைசொல்லவில்லை. அந்த ஏழையும் மகனின் தொலைபேசியிலும், மகளின் கூகுள் கணக்கிலும், பிறகு 1,900 ரூபாவுக்கு வாங்கிய நினைவட்டையிலுமாக மூன்று இடத்தில் வைத்தோம்.

அடுத்த பிழையும் ஆலோசனையில் நிகழ்ந்ததே. மலிவான பற்றரியை நான் தடுக்கவில்லை. ஏப்ரல் தொடக்கத்தில், ஏழு வாரம் ஆனபோது, தொலைபேசியின் பின்மூடி மெல்ல எழும்பியிருப்பதை இளையவன் கவனித்தான். பற்றரி ஊதியிருந்தது. ஊதிய லித்தியம் பற்றரி குத்துப்பட்டாலோ நசுங்கினாலோ தீப்பிடிக்கலாம். சார்ஜ் செய்வதை உடனே நிறுத்தி, கருவியை அணைத்து, அடுப்புக்கும் படுக்கைக்கும் தள்ளி ஒரு மண்சட்டியில் வைக்கச் சொல்லிவிட்டு, மறுநாள் வேறு கடையில் மூன்று மாத உத்தரவாதத்தோடு 4,200 ரூபாவுக்கு மாற்றினோம். பழையதைக் குப்பையோடு எரிக்கவிடாமல் அந்தக் கடையிடமே ஒப்படைத்தோம். இரண்டாவது பற்றரி நிலைத்தது. இரண்டு பற்றரிக்கும் நினைவட்டைக்கும் சேர்த்து மொத்தச் செலவு 8,500 ரூபா.

ஜூனில் மறுபடி இரண்டு வாரம் கொப்பி எழுதப்பட்டது. மாதக் கணக்கில் 1,760 ரூபா. ஓகஸ்ட் விடுமுறையில் அது 2,600க்கு ஏறியது. பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள், பார்த்தார்கள். அதைக் குறையாக நான் எண்ணவில்லை. செப்டெம்பரில் மீண்டும் இறங்கியது. சீட்டுக் காசு ஒரு மாதமும் தவறவில்லை.

நவம்பர்

சீட்டு நவம்பரில் தாயின் பெயருக்கு விழுந்தது. 24,000 ரூபா கைக்கு வந்தது. மூத்த மகனும் கொஞ்சம் சேர்ப்பதாகச் சொல்லியிருந்ததால், டிசெம்பரில் ரொக்கத்துக்கு வாங்குவதென்று விலை விசாரிக்கவும் தொடங்கினார்கள்.

நவம்பர் கடைசி வாரத்தில் டித்வா புயலின் மழை மலையகத்தின்மேல் இறங்கியது. மண்சரிவுகளால் பாதைகள் அடைபட்டன. இந்த லயனில் நான்கு நாள் மின்சாரம் இல்லை. சிக்னல் முதல் இரவே போய், விட்டுவிட்டு வந்தது. மகள் தொலைபேசியைச் சிக்னலைத் தேடாத விமானப் பயன்முறையில் வைத்து, மாலையில் பத்து நிமிடம் மட்டும் கோயில் படிக்கட்டில் திறந்து, அண்ணனுக்கும் பதுளை உறவுகளுக்கும் “இருக்கிறோம்” என்று அனுப்பினாள். சிக்னலற்ற இடத்தில் தொலைபேசி ஓயாமல் கோபுரத்தைத் தேடித் தன் பற்றரியைத் தானே தீர்த்துக்கொள்ளும் என்று பெப்ரவரியில் பேசியது அவளுக்கு நினைவிருந்தது. பற்றரி இரண்டரை நாள் தாங்கியது. அதன்பின் தொழிற்சாலை ஜெனரேட்டரில் சார்ஜ் செய்து தந்தார்கள். அந்த நான்கு நாளில் லயனில் இயங்கிய மூன்று தொலைபேசிகளில் இது ஒன்று. அயலவர் பலரின் செய்தியும் இதன் வழியாகவே போனது.

வீட்டுக் கூரையில் இரண்டு தகரம் பறந்து, ஒரு சட்டமும் முறிந்திருந்தது. சீட்டுக் காசில் 17,000 ரூபா அதற்குப் போனது. மலையில் ஒன்பது நாள் பேர் விழவில்லை. தவணை ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டிருந்தால் அந்த நேரத்துக்கு அவர்கள் 55,050 ரூபா கட்டி முடித்து, இன்னும் 13,350 ரூபா கட்ட வேண்டியவர்களாக இருந்திருப்பார்கள். கூரைக்கு எங்கே போயிருப்பார்கள் என்பதைத் தந்தைதான் முதலில் சொன்னார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

எதையும் அழிப்பதற்கு முன், அந்த வீட்டில் யாருக்கு எது வேண்டியது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, அதை வேறோர் இடத்தில் பிரதி எடுத்து, பிரதி திறக்கிறதா என்றும் பார்த்த பிறகே தொடங்க வேண்டும். எனக்கு எண்களாகத் தெரிந்த 14 ஜிபிக்குள் ஒருவருடைய தாயின் குரல் இருந்தது. இந்த ஆய்வில் நான் முதலில் எழுதிக்கொண்ட வரி இதுவே.

பற்றரியில் 1,800 ரூபா மிச்சம் பிடிக்கப் போய், அடுப்பெரியும் மரச்சட்ட வீட்டுக்குள் ஊதிய பற்றரியைக் கொண்டுவந்தோம். உத்தரவாதம் எழுத்தில் தராத கடையில் பற்றரி மாற்ற இனி யாருக்கும் சொல்லமாட்டேன்.

மகளிடம் நான் தனியே பேசியது மிகப் பிந்தி, மே மாதத்தில். முதற்பேச்சில் பெற்றோரையே கேட்டேன். அவளுக்காகத்தான் வாங்குவதாக அவர்களும் சொன்னார்கள். அவளோ, புதிய தொலைபேசி வேண்டுமென்று தான் ஒருபோதும் கேட்கவில்லை என்றும், குறிப்புகள் திறக்காததால் தோழியின் கொப்பியைப் பார்த்து எழுதவேண்டி வந்ததே கூச்சமாக இருந்தது என்றும் சொன்னாள். தோடு அடகுக்குப் போகவிருந்தது அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அவளை முதலில் கேட்டிருந்தால் கடைப் பேச்சே எழுந்திருக்காது.

இந்தக் குறிப்பை எழுதும் 2026 ஜனவரியில் தொலைபேசி வேலை செய்கிறது; திரையின் மூலையில் பழைய விரிசல் அப்படியே இருக்கிறது. வங்கிச் செயலி தேவைப்பட்டாலோ, வட்ஸ்அப் அண்ட்ரொய்ட் 9ஐக் கைவிட்டாலோ மாற்றுவதென்று முடிவாகியிருக்கிறது. கூரை போக மிஞ்சிய 7,000 ரூபா அப்படியே எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. பழைய சீட்டு மார்ச்சில் முடியும். அடுத்ததற்கும் தாய் பெயர் கொடுத்திருக்கிறார்.